அடிக்கல்லுக்கு முந்திய பணிகள்



பள்ளிவாசல் கட்டும் பணி அடிக்கல் நாட்டு விழாவன்று தொடங்குவதாகவே நம்மில் பலரும் எண்ணுகிறோம். வசூல் நோட்டும் அன்றுதான் திறக்கப்படுகிறது. ஆனால் ஒரு கட்டடத்தின் நிறைகுறைகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. இதற்குச் சான்று தேடி நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை.

நம் தளவானூர்க் குன்றில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. சத்ருமல்லன் என்ற தன் விருதுப்பெயரால் அதற்குச் சத்ருமல்லேசுவராலயம் எனப் பெயரிட்டான். அது பிற சமயத்தாரின் வழிபாட்டிடம். எனினும் கட்டடப் பணியின் ஒழுங்கை அறிய விரும்புவோர்க்கு அதில் பாடம் உண்டு. பாறையின் சரிவுக்கேற்ப முகப்பு தெற்கு நோக்கி அமைந்துவிட்டது. கருவறையோ கிழக்கு நோக்க வேண்டும். ஆகவே சிற்பிகள் அதனை முகப்புக்கு நேரே குடையாமல், மண்டபத்தின் மேற்குப் பக்கத்தில் குடைந்தனர். உளியை எடுக்கும் முன்பே இத்தீர்மானம் அவர்கள் மனத்தில் இருந்திருக்க வேண்டும். பாறையில் வெட்டி எறிந்ததை மீண்டும் ஒட்ட இயலாதல்லவா! மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாது நிற்கும் இரதங்களைப் பார்த்தால், மேற்பகுதி உருப்பெற்றிருக்க, அடிப்பகுதி வெறும் பாறையாகவே கிடப்பதைக் காணலாம். மேலிருந்து கீழாக வேலை நடந்த முறை அது. கீழே எஞ்சிய பாறையே சிற்பிக்குச் சாரமாகப் பயன்பட்டது.

நூறாண்டுகள் பல கடந்து, 1714இல் தேசிங்குராஜன் போரில் வீழ்ந்தபின், ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லாஹ் கான் செஞ்சிக் கோட்டைக்குள் ஒரு பள்ளிவாசலை எழுப்பினார். அது 1717-18ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாரசீகக் கல்வெட்டும் அங்குண்டு. 2025இல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றானது. இன்று சுற்றிப் பார்க்க வருவோர் பலர் ராஜகிரியின் உயரத்தையே அண்ணாந்து நோக்கிவிட்டுச் செல்கின்றனர். அடிவாரத்துப் பள்ளிவாசலை நின்று பார்ப்போர் சிலரே.

நமக்கு எல்லாவற்றிலும் முன்மாதிரியான மதீனத்துப் பள்ளிவாசலின் வரலாறு இவ்வகையில் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. முதற்படி, நிலம். அது ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. அவர்கள் இலவசமாகவே தர முன்வந்தும், கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் விலை கொடுத்தே பெற்றார்கள். உரிமை ஐயமற்றதான பிறகே பழைய கப்ருகள் அகற்றப்பட்டு, மேடு பள்ளம் சமன் செய்யப்பட்டு, பேரீச்ச மரங்கள் வெட்டப்பட்டன. வெட்டிய மரங்களைக் கிப்லாவின் பக்கம் வரிசையாக நிறுத்தினர். களிமண் பிசைவதில் கைதேர்ந்தவரான யமாமா நாட்டு தல்கு இப்னு அலீ (ரலி) அவர்களிடம் அவ்வேலை விடப்பட்டது. பெருமானாரே செங்கல் சுமந்த இடத்திலும், அவ்வேலை அதை அறிந்தவரிடமே ஒப்படைக்கப்பட்டது! பொறியாளருக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண்செலவு என்று பேசுவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

ஹிஜ்ரி 2இல் கிப்லா பைத்துல் முகத்தஸிலிருந்து கஃபாவுக்கு மாறியது. வடக்கு நோக்கித் தொழுதவர்கள் தெற்கு நோக்கினர். பழைய கிப்லாப் பக்கம் திண்ணைத் தோழர்கள் தங்கும் இடமாயிற்று. கட்டடம் எளிமையானதால் மாற்றம் எளிதாயிற்று. கான்கிரீட் தூண்களை நட்டுவிட்ட நமக்கு அந்த வசதி இல்லை.

நிலத்தைப் பொறுத்தவரை, 2025ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டத்தின்படி எழுத்துமூலமான வக்ஃபுப் பத்திரம் இன்றிப் புதிய வக்ஃபு ஏற்படுத்த இயலாது. வாய்மொழியாக, "பள்ளிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பெரியவர்கள் தந்த காலம் முடிந்துவிட்டது.

அடுத்தது திசை. செஞ்சி வட்டாரத்திலிருந்து கஃபா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து வடக்காக ஏறக்குறைய 19 பாகை சாய்ந்துள்ளது. தெருவை ஒட்டி நேர் மேற்காகக் கட்டிவிட்டுப் பின்னர் ஸஃப்புகளைச் சாய்த்துக் கோடு போட்டால், 40 அடி அகலமுள்ள கூடத்தில் ஒரு ஸஃப்பின் இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 14 அடி முன்பின் வரும். மூலைகளில் இடம் வீணாகும். ஜும்ஆவன்று அந்த இழப்பு கண்கூடாகத் தெரியும். மேற்கு நோக்கிக் கட்டிய நம் முன்னோரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. எவ்வளவு சாய்வு பொறுத்துக்கொள்ளப்படும் என்பதை ஆலிம் பெருமக்கள் விளக்குவார்கள். புதிதாகக் கட்டுவோர் வரைபடத்திலேயே இதைத் தீர்த்துக்கொள்ளலாம். தளவானூர்ச் சிற்பி முகப்பை ஒரு திசையிலும் உள்ளறையை மறு திசையிலும் வைத்ததுபோல, தெருமுகப்பு தெருவோடு இருக்க, தொழுகைக் கூடம் மட்டும் கிப்லாவின் பக்கம் திரும்பலாம். இடையில் எஞ்சும் முக்கோண நிலத்தில் ஹவ்லும் காலணி வைக்குமிடமும் அமையும்.

திசையைக் காணக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆண்டுக்கு இருமுறை சூரியன் கஃபாவின் உச்சிக்கு நேராக வருகிறது. நம் நேரப்படி மே 28 பிற்பகல் 2.48 மணி, ஜூலை 16 பிற்பகல் 2.57 மணி, சில ஆண்டுகளில் ஒருநாள் முன்னதாகவும் வரும். வானம் தெளிந்திருந்தால், மனையில் ஒரு கோலைத் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாக நட்டு, அந்நிமிடத்தில் விழும் நிழலின்மீது சுண்ணாம்புக் கோடு இடுக. நிழலின் நுனியிலிருந்து கோலின் அடியை நோக்கும் திசையே கிப்லா.