பிள்ளை என்ற பட்டமும் லப்போர்த் என்ற பெயரும்



ஞானஸ்நானப் பதிவுக்கு வருவோரிடம் குடும்பப் பெயர் கேட்டால், ஒருவர் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைச் சொல்வார். அடுத்தவர் பிரெஞ்சுப் பெயரொன்றைச் சொல்வார். இதற்குக் காரணம் நம் புதுவையின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

கும்பினிக் காலத்தில் இங்கே பெயர்பெற்றவர் பலர் பிள்ளை என்ற பட்டம் தாங்கியவர்கள். கும்பினியின் தலைமைத் தரகராயிருந்த நைனியப்ப பிள்ளை 1716-இல் சிறைப்பட்டு, கசையடிபட்டு, 1717-இல் சிறையிலேயே மாண்டார். அவர் இந்து. அவரைப் பதவியிலிருந்து இறக்கச் சேசு சபைக் குருக்களும் முனைந்தார்கள் என்பதை, குருவானவனாகிய நான் மறைப்பதற்கில்லை. அவர் மகன் குருவப்ப பிள்ளை நியாயம் தேடிக் கப்பலேறிப் பிரான்சுக்குப் போனார். அங்கே ஞானஸ்நானமும் செவாலியே பட்டமும் பெற்றுத் திரும்பி, தகப்பனார் வகித்த பதவியில் அமர்ந்து, 1724-இல் காலமானார். இவர்களுக்கு உறவினரான ஆனந்தரங்கப் பிள்ளையை (1709–1761) அறியாதார் இல்லை. நம் சம்பா கோயிலில் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற சுவர், அவர்கள் முறையிட்டதன்பேரில் 1745-இல் இடிக்கப்பட்ட செய்தி அவருடைய நாட்குறிப்பில்தான் கிடைக்கிறது. சுவர் போயிற்று, சாதி போய்விடவில்லை.

நூறாண்டுக்கு மேல் கழித்து வந்தவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-இல் ஐரோப்பியரைப் போலச் சப்பாத்து அணிந்து நீதிமன்றம் சென்றார். நீதிபதி தடுத்தார். அவரோ பாரீசின் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி வென்றார். காலில் கிடந்த தோலுக்கா இத்தனை வழக்கு என்று கேட்கலாம். வழக்கு செருப்பைப் பற்றியதல்லவே!

1881 செப்டம்பர் 21-இல் ஒரு சட்டம் வந்தது. சாதி, மத வழக்கப்படியான தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமைச் சட்டத்துக்கு உட்பட விரும்புவோர் அதை எழுதிக் கொடுக்கலாம். ஆனால் பின்வாங்க முடியாது. கூடவே நிலையான குடும்பப் பெயர் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி, பிள்ளையைக் கழற்றிவிட்டு லப்போர்த் ஆனார். பிரெஞ்சில் 'போர்த்' என்றால் கதவு.

அந்தக் கதவு வழியாக நுழைந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், தாழ்த்தப்பட்டவர்கள் ஏராளம். பெயரைச் சொன்னதுமே சாதி தெரிந்துவிடும் ஊரில், சாதி சொல்லாத பெயர் அவர்களுக்கு எவ்வளவு பெரிய உடைமையென்று பட்டத்தோடு பிறந்தவர்களுக்கு எளிதில் விளங்காது. இவர்களையே ரெனோன்சான் என்றார்கள். 1884-இல் வாக்காளர் பட்டியலிலும் இவர்களுக்குத் தனி இடம் கிடைத்தது.

1962 ஆகஸ்டு 16-இல் புதுவை சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொள்ள ஆறு மாதத் தவணை தரப்பட்டது. அப்படித் தெரிந்துகொண்டவர்களில் ரெனோன்சான் குடும்பத்தார் மிகுதி. அவர்கள் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து வரும்போது, தாத்தாவின் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வருவார்கள். அந்தப் பெயர் எப்படி வந்ததென்று அவர்களில் பலருக்குத் தெரியாது.