மாம்பலம் ஏரியும் நம் கல்லூரியும்

தி.நகரில் தங்கியிருக்கும் வெளியூர் நண்பர்கள் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறுங்கள். சைதாப்பேட்டை தாண்டினால் கிண்டி. ரங்கநாதன் தெருவில் நுழைந்தால் காலைக் கூட்டம் போச்சு!

1794-ல் மைக்கேல் டாப்பிங், எட்டுப் பையன்களோடு கோட்டைப் பக்கம் ஆரம்பித்த சர்வே பள்ளிதான் நம் வேர். 1859-ல் கல்லூரி, 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம். கிண்டிக்கு வந்தது 1920-ல். அப்போது தி.நகர் ஏது? அங்கே பெரிய ஏரி. 1920-களில் அதை வடித்துத்தான் மனை போட்டார்கள். நிலம் அளக்கப் பிறந்த கல்லூரிக்காரர்கள் நாம். நம்மில் எத்தனை பேருக்கு அந்தக் கரை தெரியும்? 2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்களில் தண்ணீர் நின்றபோதுதான் எனக்கே உறைத்தது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று பெயர் மட்டும் மிச்சமிருக்கிறது. ரயிலுக்கு முன் ஒரு நடை போய்ப் பாருங்கள்.