ஊதினால் ஆறும் வலி



நாம் குடியிருக்கும் முகப்பேரின் பெயர் ‘மகப்பேறு’ என்னும் சொல்லின் மரூஉ என்று கூறுவோர் உண்டு. பிள்ளைப்பேற்றின் பெயரைத் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு பிள்ளைகளின் சிறு வலிகளைச் சிந்திப்பது பொருத்தமே. குழந்தை இடறி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொள்கிறது. பாட்டி ஓடிவந்து, பிள்ளையை ‘அடித்த’ தரையைத் திருப்பி அடிக்கிறாள்; சிவந்த இடத்தில் மெல்ல ஊதுகிறாள்; வாயில் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுகிறாள். அழுகை நின்றுவிடுகிறது. “இது பொய்யல்லவா, ஐயா? மெய்யைக் கற்பிக்க வேண்டிய நாமே, மருந்தல்லாததை மருந்தென்று சொல்லலாமா?” என்று இளம் பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. தள்ளிவிடத்தக்க கேள்வியன்று இது.

இத்தகைய மருந்தில்லா மருந்துக்கு மருத்துவர்கள் இட்டிருக்கும் பெயர் ‘பிளாசிபோ’. அது மருந்துக்கடையில் பிறந்த சொல்லன்று. ஜெபப் புத்தகத்தில் பிறந்தது. 116-ஆம் சங்கீதத்தின் 9-ஆம் வசனத்தில், கர்த்தருக்கு முன்பாக நடப்பதாகச் சங்கீதக்காரன் உறுதி கூறுகிறான். எபிரெய மூலத்தில் உள்ளதும் ‘நடத்தல்’ என்னும் வினையே. கிரேக்கத்தில் பெயர்த்தவர்களோ அதைப் ‘பிரியமாயிருப்பேன்’ என்று ஆக்கினார்கள். (ஏனோக்கு தேவனோடு சஞ்சரித்தான் என்று ஆதியாகமம் சொல்ல, எபிரெயர் நிருபம் அவன் தேவனுக்குப் பிரியமானவன் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான்.) இலத்தீன் வேதாகமம் கிரேக்கத்தைப் பின்பற்றிப் ‘பிளாசிபோ’ என்று எழுதிற்று. இடைக்கால ஐரோப்பாவில் மரித்தோருக்கான மாலை ஜெபம் அச்சொல்லோடு தொடங்கியது. கூலிக்காகத் துக்கவீட்டில் அதைப் பாடியவர்களால் சொல்லின் மதிப்புக் கெட்டது. 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் புலவர் சாசர், இச்சகம் பேசும் பாத்திரமொன்றுக்கு அதையே பெயராகச் சூட்டினார்.

1772-இல் எடின்பரோவின் மருத்துவப் பேராசிரியர் வில்லியம் கல்லன், குணமாகும் என்ற எதிர்பார்ப்பின்றி, நோயாளியின் மனம் ஆறும்பொருட்டுத் தாம் கொடுத்த மருந்தைக் குறிக்க இச்சொல்லைக் கையாண்டார். 1807-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் எழுதிய கடிதமொன்றில், தமக்குத் தெரிந்த தேர்ந்த மருத்துவர் ஒருவர் மற்றெல்லா மருந்துகளையும்விட ரொட்டி மாத்திரையையும் வண்ணநீரையும் சாம்பற்பொடியையுமே மிகுதியாகக் கொடுத்ததாகக் குறிப்பிட்டார். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட ஏமாற்று என்பது அவர் தீர்ப்பு. நம் இளம் பெற்றோரின் ஐயமும் ஏறத்தாழ இதுவே.

ஆனால் ஏமாற்று மட்டுந்தானா? 1978-இல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள், பல் பிடுங்கப்பட்டவர்களுக்கு மருந்தற்ற ஊசி தந்தும் வலி தணிவதைக் கண்டார்கள். அபினின் செயலைத் தடுக்கும் நலாக்சோனைச் செலுத்தியபோது அந்தத் தணிவு மறைந்தது. அப்படியானால் உடலே தன் வலிக்கு அபின் போன்றதொன்றைச் சுரக்கிறது. ஆறுதல் அதைத் திறந்துவிடுகிறது. 2010-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் குடல் உபாதையுள்ள 80 பேரிடம் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பாதியினரிடம், “இதில் மருந்து எதுவும் இல்லை” என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை தந்தார்கள். அவர்களில் 59 சதவீதத்தினர் போதிய நிவாரணம் கிடைத்ததாகக் கூறினர். மாத்திரை பெறாதவர்களிலோ 35 சதவீதத்தினர். அவர்கள் வளர்ந்தவர்களே, ஆயினும் ஆறுதலுக்குப் பொய் இன்றியமையாததன்று என்பது எனக்குப் போதுமான பதில். “ஊதிவிடுகிறேன், கொஞ்சம் ஆறும்” என்று தாய் சொல்வதில் பொய் எங்கே இருக்கிறது? தரையை அடிப்பதைப் பற்றித்தான் எனக்குச் சிறு தயக்கம். விழுந்ததற்குப் பிறர்மேல் பழிபோடும் பாடத்தை அது அத்தனை சீக்கிரம் தொடங்கவேண்டுமா?

2008-இல் மேரிலாந்தைச் சேர்ந்த ஒரு தாய் ‘பிளாசிபோ’வின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக்கி, ‘ஒபிகால்ப்’ என்ற பெயரில் செர்ரிச் சுவையுள்ள சர்க்கரை மாத்திரையைக் குழந்தைகளுக்கென்று விற்பனைக்குக் கொண்டுவந்தார். சர்க்கரையால் பெருந்தீங்கு இல்லை. ஆனால் பாட்டியின் மடியில் கிடைத்ததை டப்பாவில் தேடப் பிள்ளை பழகிவிடும். இருமலா, மாத்திரை, சிராய்ப்பா, மாத்திரை.

அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை நாம் தொலைவில் தேடவேண்டியதில்லை. பூந்தமல்லியைக் கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்றால் சுங்குவார்சத்திரம். அங்கே தயாரான இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள், 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பகுதியில் சிறுநீரகம் செயலிழந்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் எனும் நஞ்சு 48.6 சதவீதம் கலந்திருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்தது. குற்றம் தயாரித்தவர்களுடையது, பெற்றோருடையதன்று. அவர்கள் மருத்துவரையும் மருந்தையும் நம்பினார்கள். அவ்வாண்டு அக்டோபரில் மத்திய அரசு விடுத்த அறிவுரை, இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாதென்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாக அவை ஏற்றவையல்ல என்றும் கூறுகிறது. குழந்தைகளின் இருமல் பெரும்பாலும் தானே அடங்குவது.

ஆகவே சிறு இருமலுக்கும் சிராய்ப்புக்கும் மடியும், வெதுவெதுப்பான நீரும், ஊதும் வாயும் போதும். வலி தூக்கத்திலிருந்து எழுப்பினால், காய்ச்சலோ ஓயாத வாந்தியோ சேர்ந்தால், மூச்சுவிடத் திணறினால், பிள்ளை விளையாட்டையே மறந்து சுருண்டு கிடந்தால், ஊதிக்கொண்டிராமல் உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.