மூணு அணா வித்தியாசம்

போன மாசம் சித்தப்பா பையன் ஊருக்கு வந்திருந்தான். பெட்டியை இறக்கி வெச்சதும் முதல் பேச்சே, "அண்ணே, ஃப்ளைட்டுக்கு ஒத்தப் பைசா குடுக்கல. மொத்தமும் பாயிண்ட்ஸ்!" என்பதுதான். "அந்தப் பாயிண்ட்ஸ் சேக்க எவ்வளவுடா செலவு பண்ணே?" என்று கேட்டேன். காபி ஆறிடும் என்று உள்ளே போய்விட்டான் :-)

அவனைக் கிண்டல் பண்ண எனக்கு யோக்கியதை கிடையாது. அந்தக் கதை கடைசியில் வருது. அதுக்கு முன்னாடி எங்க ஊருக்கு வாங்கின ஒரு ரயில் டிக்கெட் பத்திச் சொல்லணும். திருவண்ணாமலை வரலாற்றிலேயே பேர் போன டிக்கெட் அதுதான். வாங்கினவர் அதைத் தப்பாக வாங்கினார் என்பதுதான் விசேஷம்.

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் வேங்கடராமன் என்ற 16 வயசுப் பையன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர். அண்ணனுக்குக் கட்ட வேண்டிய காலேஜ் சம்பளம் 5 ரூபாய் கையில் இருக்கு. பழைய அட்லஸ் ஒன்றைப் புரட்டிப் பார்க்கிறார். திருவண்ணாமலைக்குக் கிட்டத்து ரயில் நிலையம் திண்டிவனம் என்று தெரிகிறது. 3 ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டு, மிச்சம் 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போகிறார்.

அட்லஸ் பழசு. விழுப்புரத்திலிருந்து எங்க ஊர் வழியாகப் போகும் ரயில் பாதை அதில் இல்லை. ஆனால் வண்டி அப்போதே ஓடிக்கொண்டிருந்தது! ஸ்டேஷனில் திண்டிவனத்துக்கு 2 ரூபாய் 13 அணா கொடுத்து டிக்கெட் வாங்குகிறார். கட்டணப் பலகையில் இன்னும் கொஞ்சம் கீழே பார்த்திருந்தால் திருவண்ணாமலை என்ற பெயரே இருந்திருக்கும், கட்டணம் சரியாக 3 ரூபாய் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கையில் இருந்ததும் அதே 3 ரூபாய்!

வண்டியில் ஒரு வயதான மௌல்வி. எங்கே போறே என்று கேட்டு, "விழுப்புரத்துல மாறினா திருவண்ணாமலைக்கே ரயில் இருக்கே" என்கிற தகவலைச் சொல்கிறார். டிக்கெட் வாங்கின பிறகு கிடைத்த தகவல். மிச்சம் 3 அணா. அதிலும் திருச்சியில் அரை அணாவுக்குப் பேரிக்காய் வாங்கியாச்சு. விழுப்புரத்தில் இறங்குகிறார். திண்டிவனம் வரைக்கும் கட்டின காசு அம்போ. சாப்பாட்டுக் கடைக்காரர் இரக்கப்பட்டுக் காசு வாங்கவில்லை. இருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் கிடைத்தது. அங்கேயிருந்து பத்து மைல் நடை, அறையணிநல்லூர் கோயில் வரைக்கும். அப்புறம் ஆற்றைத் தாண்டிக் கீழூர். அங்கே முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் காதுக் கடுக்கனை அடகு வைக்கிறார். 20 ரூபாய் பெறும் கடுக்கனுக்கு 4 ரூபாய் கைமாற்று. செப்டம்பர் 1 காலை, திருக்கோவிலூரிலிருந்து ரயிலேறி எங்க ஊரில் வந்து இறங்குகிறார்.

மூணு அணா வித்தியாசம். அதுக்கு விலை பத்து மைல் நடையும் ஒரு ஜோடிக் கடுக்கனும்.

மலிவுப் பயணம் என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் தகவல்தான். இதை முதலில் வியாபாரமாக்கியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் தாமஸ் குக். 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்கு, மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக, சுமார் 500 பேரை தலைக்கு ஒரு ஷில்லிங்கில் ரயிலில் கூட்டிப்போனார். மொத்தமாக ஆள் சேர்த்தால் ரயில் கம்பெனி விலையைக் குறைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த 500 பேருக்கும் எங்கே போகிறோம் என்பது முதலிலேயே தெரியும். சலுகை அப்புறம்தான் வந்தது.

இந்த வரிசை எப்போ தலைகீழாச்சு? அதே 1896ல், அமெரிக்காவில் ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் என்ற கம்பெனி பச்சை ஸ்டாம்ப் போட ஆரம்பித்தது. கடைக்காரர் இவர்களிடம் ஸ்டாம்ப் வாங்குவார். நீங்கள் வாங்கும் சாமானுக்குத் தக்கபடி உங்களுக்குத் தருவார். நோட்டில் ஒட்டி, நோட்டு நிறைந்ததும் பரிசுப்பொருள் வாங்கிக்கலாம். ஸ்டாம்புக்கான காசு சாமான் விலையிலேயே ஒளிஞ்சிருக்கும். ஆனாலும் நோட்டில் நாலு பக்கம் காலியா இருந்தா, எதிர்த்த கடையில் மலிவாகக் கிடைத்தாலும் கால் அந்தப் பக்கம் போகாது.

இதை ஆகாயத்துக்கு ஏத்தினது விமானக் கம்பெனிகள். 1978ல் அமெரிக்க அரசு விமானக் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது, போட்டி முற்றியது. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'ஏஅட்வாண்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியது. பறந்த மைலை எண்ணிவை, சேர்ந்தால் இலவச டிக்கெட். அப்புறம் வங்கிகள் கம்பெனிகளிடம் மைலை மொத்தமாக விலைக்கு வாங்கி, கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தன. மளிகை வாங்கினாலும் மைல், பெட்ரோல் போட்டாலும் மைல்.

கொரோனாவில் வருமானம் படுத்தபோது இந்தத் திட்டங்களின் உண்மை மதிப்பு வெளியே தெரிந்தது. 2021 மார்ச்சில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ஏஅட்வாண்டேஜ் திட்டத்தையே ஈடாக வைத்து 1,000 கோடி டாலர் கடன் திரட்டியது. கீழூரில் அந்தப் பையன் அடகு வைத்தது தன் கடுக்கனை. இவர்கள் அடகு வைத்தது, நாம திரும்பத் திரும்ப இவங்ககிட்டதான் வருவோம் என்கிற பழக்கத்தை.

இப்போ என் கதை. 2009ல் வெளி மாநிலத்தில் வேலை. ஒரு விமானக் கம்பெனியில் பாயிண்ட்ஸ் சேர்த்து வைத்திருந்தேன். பெரியம்மாவுக்கு உடம்பு முடியலை என்று போன். அன்னிக்கே காசு கொடுத்தால் டிக்கெட் இருக்கு, பாயிண்டுக்கு மூணு நாள் கழித்துத்தான். விலையைப் பார்த்தேன், பாயிண்டையும் பார்த்தேன். "மூணு நாள்தானே" என்று இருந்துட்டேன். நான் வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போது பந்தல் பிரிச்சுட்டு இருந்தாங்க. கம்பெனி மேல் ஒரு குற்றமும் இல்லை. அவங்க விதி முன்னாடியே எழுதியிருந்தது. எங்கே, எப்போ போகணும் என்கிறதை ஒரு எண்ணிடம் விட்டது நான்தான்.

அதுக்காக சலுகையே வேண்டாம்னு சொல்ல வரலை. எனக்குப் பலிச்சதைச் சொல்றேன்:

1. ஊரையும் தேதியையும் முடிவு பண்ணிட்டு அப்புறம் சலுகையைத் தேடுங்க. பாயிண்ட் சேரணும் என்பதற்காக ஒரு பயணமும் வேண்டாம்.

2. கட்டணப் பலகையை முழுசாப் படிங்க. நம்ம ரயில்வேயில் தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்கு விலை குறையும். துண்டு துண்டா வாங்குறதை விட நேர் டிக்கெட் பெரும்பாலும் லாபம். சுற்றுப்பயண டிக்கெட் என்று ஒன்று இருக்கு, பலருக்குத் தெரியாது. கிளம்பின ஸ்டேஷனுக்கே திரும்பணும், வழியில் 8 இடம் வரை இறங்கிக்கலாம். திருவண்ணாமலை, விழுப்புரம், மயிலாடுதுறை, தஞ்சாவூர், திருச்சி, கரூர், சேலம், ஜோலார்பேட்டை, காட்பாடி, மறுபடி திருவண்ணாமலை என்று ஒரு வட்டம் போட்டுப் பாருங்க. வழியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வாங்கணும்.

3. பழைய அட்லஸை நம்பாதீங்க. மூத்த குடிமக்கள் ரயில் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதே சமயம் 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் வரை ஓடின ரயில் 2024 மே மாதம் எங்க ஊர் வரைக்கும் நீண்டது, தொடங்கினப்போ டிக்கெட் 50 ரூபாய். பௌர்ணமிக்கு பஸ்ஸில் நின்னுட்டே வர்ற எத்தனை பேருக்கு இது தெரியும்?

4. சேர்ந்த பாயிண்டை சீக்கிரம் செலவழிங்க. அதன் மதிப்பை மாத்துற உரிமை அவங்ககிட்ட, காலாவதி தேதி நம்மகிட்ட.

கடைசியா ஒண்ணு. கடுக்கனை வாங்கிக்கொண்ட பாகவதர், பின்னால் வந்து மீட்டுக்கொள்ள வசதியாக விலாசம் எழுதிய சீட்டு ஒன்று கொடுத்தார். பையன் ஸ்டேஷனுக்குப் போகும் வழியிலேயே அதைக் கிழித்துப் போட்டுவிட்டார். அவருக்குத் திரும்பிப் போகிற எண்ணமே இல்லை, அதனால் மீட்கவும் ஒன்றும் இல்லை.

நமக்கு அவ்வளவு தைரியம் வராது. நான் ஒரு கார்டை மட்டும் போன வாரம் வெட்டிப் போட்டேன். சித்தப்பா பையன் பார்த்துட்டு, "அண்ணே, அதுல 600 பாயிண்ட் இருந்துச்சே!" என்று அலறினான்.