கியூ பூங்காவின் கண்ணாடி மாளிகையும் நம் ஊர் இறப்பர் மரமும்

குளிர்கால விடுமுறையில் இலண்டன் மாநகருக்குச் செல்லும் நம்மவர்கள், பக்கிங்ஹாம் அரண்மனை, கோபுரப் பாலம், மெழுகுப் பொம்மைக் காட்சிசாலை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, ஒக்ஸ்போர்ட் வீதியின் நத்தார் விளக்குகளின் கீழ் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்புவது வழக்கம். அவற்றை நானும் பார்த்தேன், குறை சொல்வதற்கில்லை. ஆயினும், புளத்கொகுபிட்டியவில் பிறந்த ஒருவன் அந்நகரில் அவசியம் பார்க்கவேண்டிய இடம் வேறொன்று உண்டு. நகரின் தென்மேற்கே, தேம்ஸ் நதியோரமாக அமைந்துள்ள கியூ தாவரவியல் பூங்காவே அது.

கேகாலையிலிருந்து கரவனல்லை நோக்கிச் செல்லும் பாதையில் இருக்கிறது புளத்கொகுபிட்டிய. தேயிலையும் இறப்பரும் அருகருகே வளரும் பிரதேசம். எங்கள் ஊரில் நாளின் கணக்கை மழைதான் தீர்மானிக்கும். வெயில் ஏறினால் பாலின் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், பொழுது புலரும் வேளையிலேயே பால்வெட்டும் கத்தியுடன் மரங்களுக்கிடையே நடக்கவேண்டும். இரவு மழை பெய்து மரம் நனைந்திருந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால், பல நாட்களில் பேரும் இல்லை. சிரட்டையில் சொட்டும் அந்த வெண்ணிறப் பால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை எங்கள் முன்னோர் கேட்டிருப்பார்களோ என்னவோ, அதன் விடை கியூவில் இருக்கிறது.

டிசம்பர் மாதத்தில் கியூ பூங்காவின் மரங்கள் பெரும்பாலும் இலையுதிர்ந்து நிற்கின்றன. 1844 முதல் 1848 வரையான காலத்தில் இரும்பாலும் கண்ணாடியாலும் கட்டப்பட்ட பனைமர மாளிகையின் கதவைத் திறந்து உள்ளே சென்றதும் என் மூக்குக்கண்ணாடியில் நீராவி படிந்தது. வெளியே கை விறைக்கும் குளிர். உள்ளே மழை விட்டபின் எங்கள் மலைச்சரிவில் எழும் அதே புழுக்கம். வெப்பமண்டலத் தாவரங்களுக்கிடையே ஓர் இறப்பர் மரமும் நின்றது. அதன் முன் நான் நின்ற நேரம் கொஞ்சம் அதிகம்தான்.

1876ஆம் ஆண்டு ஜூன் மாத நடுப்பகுதியில், ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிறேசிலின் தப்பஜோஸ் ஆற்றுப் பிரதேசத்தில் சேகரித்த ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகள் கியூவுக்கு வந்து சேர்ந்தன. ஆயிரம் விதைக்குப் 10 பவுண் என்பது பேசப்பட்ட விலை. இறப்பர் விதை வெகுவிரைவில் முளைப்புத்திறனை இழந்துவிடும் தன்மை கொண்டது. எனவே, விதைத்தவற்றில் நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. முளைத்தவற்றுள் 1,919 கன்றுகள், 38 கண்ணாடிப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலங்கைக்குக் கப்பலேற்றப்பட்டன. வழியில் அவற்றைப் பராமரிப்பதற்கென ஒரு தோட்டக்காரரும் உடன் அனுப்பப்பட்டார். பெரும்பாலான கன்றுகள் உயிருடன் வந்து சேர்ந்தன. பேராதனையைவிட வெப்பமான இடம் தேவைப்பட்டமையால், கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் அவற்றுக்கென ஒரு தோட்டம் அமைக்கப்பட்டது.

விக்கம் விதைகளைத் திருடிவந்தார் என்று பிறேசிலில் இன்றும் சொல்வார்கள். அக்காலத்தில் அந்நாட்டில் விதை ஏற்றுமதியைத் தடுக்கும் சட்டம் இருக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியுள்ளனர். சட்டப்படி திருட்டு இல்லாதிருக்கலாம். ஆனால், ஆசியத் தோட்ட இறப்பர் சந்தைக்கு வந்ததும் அமேசன் காட்டு இறப்பரின் காலம் முடிந்தது என்பதில் ஐயமில்லை. விக்கமுக்கு 1920இல் 'சேர்' பட்டம் கிடைத்தது.

இனி, மனிதரின் கதைக்கு வருவோம். கன்றுகளின் எண்ணிக்கை, பெட்டிகளின் எண்ணிக்கை, புறப்பட்ட மாதம் யாவும் பதிவாகியுள்ளன. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்துவந்த நம்மவர்களுள் எத்தனை பேர் வழியில் மாண்டனர் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. இறப்பர்க் காலத்தில் நிலைமை சற்று மாறியது. கப்பலும் ரயிலும் வந்துவிட்டன. 1914இல் தலைமன்னார்ப் படகுச் சேவையும் தொடங்கிற்று. ஆனால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து புறப்பட்ட தொழிலாளியின் அடையாளம், தோட்டத்தின் குறியீடும் இலக்கமும் பொறித்த ஒரு தகரவில்லை. தோட்டத்தில் அவரைக் கட்டிப்போட்டது 'துண்டு' என்னும் கடன்சீட்டு. 1921இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கேகாலை, களுத்துறை மாவட்டங்களின் மலைச்சரிவுகளை இறப்பர் மூடியது இந்தக் காலப்பகுதியிலேயே. 1910இல் இலண்டன் சந்தையில் ஓர் இறாத்தல் இறப்பர் 12 சிலிங்கையும் தாண்டி விற்றது. அந்த விலையின் எத்தனை பங்கு லயத்துக்கு வந்தது என்பதை லயங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இரண்டாம் உலகப் போரில் மலாயா ஜப்பானியர் வசமானபின், நேச நாடுகளுக்கு இறப்பர் தந்த முதன்மையான இடம் இலங்கையே. மரங்கள் தாங்காத அளவுக்குப் பால் எடுக்கப்பட்டது. போர் முடிந்தது, நாடு சுதந்திரம் பெற்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று.

1952ஆம் ஆண்டை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். அவ்வாண்டு மே மாதத்தில் நடைபெற்ற பொதுத்தேர்தலில், பால் வெட்டிய இம்மக்களுக்கு வாக்குச்சீட்டு இல்லை. அதை எதிர்த்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடத்தியது. அதே ஆண்டு டிசம்பர் 18ஆம் திகதி சீனாவுடன் இறப்பர்-அரிசி உடன்படிக்கை கைச்சாத்தானது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறுவது என்பது ஏற்பாடு, ஐந்தாண்டு ஒப்பந்தம். உணவுத் தட்டுப்பாட்டிலிருந்து நாட்டைக் காத்த உடன்படிக்கை என்று அது இன்றும் போற்றப்படுகிறது. போற்றுதலுக்கு உரியதே. அந்த இறப்பரை வெட்டியவர்களுள் சிங்களக் கிராமத்தவரும் இருந்தனர், நம்மவரும் இருந்தனர். நம்மவரின் உழைப்பில் வந்த அரிசியை நாடு உண்டது. அவர்களை நாட்டவர் என்று ஏற்கவில்லை. பிறேசிலிலிருந்து வந்த மரம் தேசத்தின் செல்வம் ஆயிற்று. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர் அந்நியராகவே இருந்தார்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அவர்களுள் ஒரு பகுதியினர் கேரளத்தின் புனலூரில் தாயகம் திரும்பியோருக்கென 1976இல் தொடங்கப்பட்ட தோட்டத்துக்கும், கன்னியாகுமரி மாவட்டத்தின் கீரிப்பாறைப் பகுதிக்கும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டனர். அங்கே அவர்கள் கையில் மீண்டும் கொடுக்கப்பட்டது பால்வெட்டும் கத்திதான். இந்தியாவின் தொடக்ககால இறப்பர்க் கன்றுகளுள்ளும் இலங்கையிலிருந்து போனவை உண்டு. மரம் கடந்த கடலை மனிதரும் கடந்தனர். தொழில் மட்டும் மாறவில்லை.

2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்துவைத்தது. ஆனால், சப்ரகமுவவின் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக்கிடப்பவை. நுவரெலியாவில் கேட்கும் அளவுக்கு இங்குள்ளோரின் குரல் அரசியலில் கேட்பதில்லை. எழுதப்பட்ட மலையக வரலாற்றிலும் இறப்பர்த் தோட்டத்தவருக்குக் கிடைத்த பக்கங்கள் மிகச் சிலவே.

ஆகவே, வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய பெட்டிகளில் பாட்டன் காலத்துத் துண்டோ, தகரவில்லையோ, இந்தியக் கடவுச்சீட்டோ, தாயகம் திரும்பியோரின் குடும்ப அட்டையோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். படியெடுத்து வையுங்கள், பெரியவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். 1,919 கன்றுகளுக்கு ஒருவர் கணக்கு எழுதினார். அதனால்தான் அவற்றின் வரலாறு நமக்குத் தெரிகிறது. நம்முடைய கணக்கை நாம்தான் எழுதவேண்டும்.