‘வேணும்’: ஒரு பிழையின் வரலாறு

தொடர்பியலில் பி.எச்.டி. செய்ய இறங்குகிறவர்கள் சீக்கிரமே கிளாட் ஷானனிடம் வந்து சேர்வார்கள். 1948-இல் அவர் போட்ட படம் எளிமையானது. ஒரு முனையில் சொல்கிறவர், மறுமுனையில் கேட்கிறவர், நடுவே இரைச்சல். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குத் தெற்கே, மணப்பாடு கடற்கரைக்குப் போவோம்.

1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்குப் பெரும் நெருக்கடி. முத்துச் சலாபத்தின் உரிமைக்காகச் சண்டை, உயிருக்கே ஆபத்து. போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். கூடவே ஞானஸ்நானமும் பெற்றார்கள். 1542-இல் பிரான்சிஸ் சேவியர் வந்து பார்த்தால், அவர்களுக்கு ஜெபம் தெரியவில்லை. அவருக்கோ தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் அறிந்த சிலரை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் படித்ததை வீட்டில் போய்ச் சொல்லணும். அச்சு வராத ஊரில் அந்தப் பிள்ளைகள்தான் ஊடகம்.

1544-இல் தன் தோழர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் சேவியர் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் ‘வேணும்’ என்று வருகிற இடத்தில், விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லைப் போடுங்கள் என்கிறார். ‘நம்புகிறேன்’ என்று சொல்வதாக நினைத்து, ‘எனக்கு வேணும்’ என்று ஓதவைத்திருக்கிறார்கள்!

பிறகு வந்த ஹென்ரிக் ஹென்ரிகஸ் அடிகளார் உட்கார்ந்து தமிழ் படித்தார், இலக்கணமும் எழுதினார். பரதவர்கள் பணம் திரட்டித் தந்தார்கள். 1578 அக்டோபர் 20-இல் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கம். இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சாகி இன்று கிடைப்பவற்றில் இதுதான் மூத்தது. படி இருப்பது அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில்.

பாடநூல் கணக்கில் ‘வேணும்’ வெறும் இரைச்சல், திருத்தியதும் தீர்ந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சண்டைக்கு நடுவே பாதுகாப்புத் தேடி நின்றவர்கள் அந்தச் சொல்லைச் சொன்னபோது, வாய் தவறிச் சொன்னார்களா, மனசிலிருந்ததையே சொன்னார்களா?

சேவியரின் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. ஓதிய பிள்ளைகள் எதையும் எழுதி வைக்கவில்லை. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது. மணப்பாடு அங்கிருந்து பஸ் தூரம்தான். தலைப்புத் தேடி அலைகிற யாராவது அந்த மறுமுனையிலிருந்து தொடங்கலாம்.