ரிக்கெட்ஸ் நோய்: மீண்டும் எக்ஸ்ரே எடுப்பது எதற்காக?

வைட்டமின் டி குறைபாட்டால் குழந்தைகளின் எலும்புகள் உறுதியிழந்து வளைவதே பெரும்பாலும் காணப்படும் ரிக்கெட்ஸ் நோய். உட்கொண்ட வைட்டமினை எக்ஸ்ரே நேரடியாகக் காட்டாது. ஆனால் அது உடலில் சேர்ந்து பயன் தருகிறதா என்பதை எலும்பில் காணலாம்.

நோயுள்ள குழந்தையின் மணிக்கட்டு, முழங்கால் எலும்புகளின் வளரும் முனைகள் அகன்று, கிண்ணம்போல் குழிந்து, ஓரம் பிசிறாகத் தெரியும். வைட்டமின் டி, கால்சியம் மருந்துகளைத் தொடங்கிய சுமார் 3 முதல் 4 வாரங்களில் அம்முனைகளில் வெண்ணிறக் கோடு தோன்றும். எலும்பில் கால்சியம் படியத் தொடங்கியதன் அடையாளம் அது.

கோடு தோன்றாவிடில் மருந்தின் அளவை நீங்களாகவே கூட்டாதீர்கள். அளவு மீறிய வைட்டமின் டி இரத்தத்தில் கால்சியத்தை உயர்த்திச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். மருந்து தவறிய நாட்கள் இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். முறையாகக் கொடுத்தும் பலனில்லையெனில், குடல் அல்லது கல்லீரல் நோயால் வைட்டமின் உறிஞ்சப்படாதிருக்கலாம். சிறுநீரில் பாஸ்பேட் வீணாகிக்கொண்டிருக்கலாம். அவற்றுக்குச் சிகிச்சை வேறு.

கோடு தோன்றியதும் மருந்தை நிறுத்திவிடவும் கூடாது. குறைந்தது 3 மாதச் சிகிச்சை தேவை. வளைந்த கால்கள் நிமிர மேலும் காலமாகும்.

மணிக்கட்டு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிகக் குறைவு, அஞ்ச வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க, முன்பு எடுத்த படத்தைத் தவறாமல் கொண்டு வாருங்கள்.